சின்ன மச்சாளின் கையெழுத்து

தக்ஷாயினிக்குக் கையெழுத்து நல்ல வடிவு. கடல் அள்ளியது போக மிச்சமாய்க் கிடந்ததை அந்த வடிவான கையெழுத்துத்தான் கொண்டுபோனது என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் நடந்தது அதுதான். முதலில் இருந்தே சொல்கிறேன், கேளுங்கள்.

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில், ஒரு கூப்பிடுதூர அகலத்தில் கிடந்த மணல்திட்டில்தான் அவர்களுடைய வீடு. அக்கா வதனியின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் தன் வீட்டை மூத்தவளுக்குக் கொடுப்பாள், இளையவளுக்கு அதே வளவுக்குள் இன்னொன்று எழும்பும். மாப்பிள்ளை தன் சட்டைதுணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து சேரவேண்டியதுதான். ஆணுக்கு வீடு என்று ஒன்று இருப்பதை அந்த ஊரில் யாரும் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கட்டும்வரை தாயின் வீட்டில் இருப்பான், கட்டினால் பெண்சாதியின் வீட்டில் இருப்பான். அவ்வளவுதான் அவன் கதை.

அப்படி வந்து சேர்ந்தவன்தான் பிரதீஸ். வாவிக்கு மேற்கே பழுகாமத்துப் பொடியன். குடும்பம் வயல்காரக் குடும்பம். இவன் மட்டும் வயலில் இறங்காமல் மேசன் வேலை பழகினான். வதனியின் வீடோ, கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராத வீடு. தாய் கண்ணகையும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டுமே இருந்த அந்த வீட்டுக்குள் அவன் வரும்போது வதனிக்குப் பத்தொன்பது வயது, தக்ஷாயினிக்குப் பதினொன்று. முதல் ஒரு மாதம் அவள் கதவுக்குப் பின்னால் நின்றே அவனைப் பார்த்தாள். அவன் சோறு தின்பதைக்கூட.

பெண்சாதியின் தங்கையை மச்சாள் என்று கூப்பிடுவதுதான் முறை. அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். "என்ன சின்ன மச்சாள், இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" அவளும் மச்சான் என்றுதான் சொன்னாள். இதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் தொடங்கியது அவளுக்குப் பதின்மூன்று வயதான வருசம், ஒரு சனிக்கிழமை.

அவன் அடுப்படிச் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்குக்குண்டு நூலைப் பிடித்துப் பார்த்தவன், திரும்பி, "நேரா இரிக்கா, சின்ன மச்சாள்?" என்று கேட்டான். அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்டுச் செய்ததில்லை. கடைக்குட்டி அல்லவா, அதை எடு இதை வை என்பதோடு சரி. அவள் சும்மா வாய்க்கு வந்ததை, "கொஞ்சம் சரிஞ்சிரிக்கு" என்றாள். அவன் உண்மையாகவே அந்தப் பூச்சை வழித்தெறிந்துவிட்டு மறுபடியும் பூசினான். போச்சு! பெட்டை அதோடு கவிழ்ந்தாள்.

பிறகென்ன, சமூகக்கல்விக் கொப்பியின் கடைசித் தாளில் அவன் பெயர் ஏறியது. பிரதீஸ், பிரதீஸ், பிரதீஸ் என்று. முதலில் சாய்வெழுத்தில், பிறகு உருட்டி, பிறகு 'ஸ்'ஸின் வாலை நீட்டி. கொப்பி முடிந்து புதுக்கொப்பி வாங்கினால் அதிலும் முதல் எழுதப்படுவது கடைசித் தாள்தான். அக்காவின் புருசன் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதினாள். அக்கா அவனுக்குச் சோறு போடும்போது அவள் எழும்பி வெளியே போய்விடுவாள். வதனி, "என்னகா, வயிறு சரியில்லையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியே இவளுக்கு எரியும்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். பள்ளிக்கூடமும் விடுமுறை. வாவிக்கு அந்தப் பக்கம் டவுன் கரையில் பிரதீஸ் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை பிடித்திருந்தான். வீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறார், பொங்கலுக்குள் முடிக்கவேண்டும் என்று அன்றைக்கும் புறப்பட்டான். தக்ஷாயினி தலையை வாரி, பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கும் ரியூசன் இரிக்கு. ஒன்பது மணிக்கு. மச்சான்ட தோணியில போறன்."

வதனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், "ஓம், போ" என்று சொல்லிவிட்டு எழும்பினாள். புட்டை அவித்து, மீன் பொரியலை வைத்து, பொலித்தீன் லஞ்ச் சீற்றில் இரண்டு பார்சல் கட்டினாள். ஒன்றை இவள் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். "மத்தியானம் பசி கிடக்காத, என்ன?" என்று மட்டும் சொன்னாள். கரைவரைக்கும் வந்து தோணியைத் தள்ளியும் விட்டாள். தள்ளுவதற்கு முதல் புருசனின் காதுக்குள் என்னவோ மெல்லச் சொல்லிச் சிரித்தாள். அது தக்ஷாயினிக்குக் கேட்கவில்லை.

தோணியில் அவள் முன்னுக்கு அவனைப் பார்த்தபடி இருந்தாள். வாவி அசையாமல் கிடந்தது. அவன் தண்டு வலித்தான். அவளுக்குச் சந்தோசம் நெஞ்சில் அடங்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் மனசு ஒரே ஒரு கணம் ஒரு நினைப்பை நினைத்தது. அக்கா மட்டும் இல்லாட்டி. அவ்வளவுதான். முழு வசனமாகக்கூட அல்ல. அட, பதினாலு வயதுப் பிள்ளை நினைக்கிறதுக்கெல்லாம் கடல் எழும்புமா? எழும்பாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்கு யார் சொல்வது?

டவுன் கரையில் அவன் சாந்து குழைக்க, இவள் கல் அடுக்கின்மேல் இருந்து, "ரியூசன் சேர் இன்னும் வரல்லையாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு பார்த்திருந்தாள். ஒன்பது மணியளவில் வாவித்தண்ணீர் மண்நிறமாகி எழும்பியது. மரங்களும் தகரமும் அதில் புரண்டு வந்தன. யாரோ "கடல்! கடல்!" என்று குழறினார்கள். பிரதீஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். ஓடும்போதுகூட, அவன் என் கையைப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்புக்காக அவள் பிறகு தன்னை எவ்வளவு திட்டினாள் என்று கணக்கில்லை.

கடல் அந்த மணல்திட்டைத் தாண்டி வாவிக்குள் விழுந்திருந்தது. கண்ணகையை வாவிக்குள் மிதந்த ஒரு கதவோடு சேர்த்து மீன்பிடிகாரர் இழுத்தெடுத்தார்கள். வதனியை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள், வாவிக்கரைக் கண்டல் மரப் பற்றைக்குள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. வதனியின் பெயரில் எழுதின வீட்டு உறுதிப்பத்திரம், பெட்டியோடு போனது.

கடல் வந்த அன்று பின்னேரமே, அகதிகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், கண்ணகை தற்செயலாக மகளின் பையைத் திறந்தாள். பார்சல் அப்படியே இருந்தது. "மூத்தவள் ஆக்கினது, தின்னு புள்ள, கொட்டக் கூடாது" என்று ஊட்டினாள். புட்டுக்குள் பொரித்த முட்டை ஒன்று இருந்தது. தக்ஷாயினி விழுங்கினாள். அவள் அழவில்லை. செத்தவீட்டிலும் அழவில்லை, எட்டாம் நாளுக்கும் அழவில்லை, முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் அழவில்லை. பிள்ளை பயந்துபோயிருக்கு என்று சனம் சொன்னது. பயம்தான். வாயைத் திறந்து அழுதால் அந்த நினைப்பும் கூடவே வெளியே விழுந்துவிடும் என்ற பயம்.

முகாமில் தகரக் கொட்டிலில் ஒரு வருசம் போனது. பிரதீஸ் அவர்களை விட்டுப் போகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பெண்சாதி இல்லாத மாமியார் வீட்டில் எவன் இருப்பான்? இவன் இருந்தான். வரிசையில் நின்று தண்ணீர் எடுத்தான், மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு ஓடினான். சனம் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

வதனியின் ஆண்டுத் திவசத்துக்குச் சித்தாண்டியிலிருந்து தாய்மாமன் வல்லிபுரம் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, பிரதீஸையும் வைத்துக்கொண்டே கதையை எடுத்தார். "மூத்தவள் போயிட்டாள். இளையவள் இரிக்காள். பதினெட்டு ஆகட்டும், ஒரு தாலியைக் கட்டி இந்தக் குடும்பத்தை ஒண்டாக்கிருவம். என்ன மருமகன்?" பிரதீஸ் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த தக்ஷாயினிக்குக் கை நின்றுவிட்டது. வெட்கம் கெட்ட மனசு கிடந்து துள்ளியது. அக்காவின் திவசத்தன்று. சீ, என்ன பிறப்பு இது என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனாலும் துள்ளியது.

அடுத்த வருசத் தொடக்கத்தில் வீட்டுத்திட்டம் வந்தது. கடற்கரையில் இனிக் குடியிருக்கக் கூடாதாம். கடலை விட்டுத் தள்ளி டவுன் பக்கம் காணி பிரித்து, ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் கல்வீடு கட்டிக் கொடுக்கிறதாம். படிவம் நிரப்ப வந்தவர் காத்தான்குடி மஜீட். நல்ல மனுசன், பொறுமைசாலி. வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டார்.

கண்ணகைக்கு எழுத வராது. பிரதீஸ் வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். "கையெல்லாம் சீமெந்து, ஐயா. சின்ன மச்சாள் எழுதட்டும். அவட எழுத்து நல்ல வடிவு" என்றான். அந்தச் சொல்லுக்கே அவள் முகம் சிவந்துபோனது. பேனையை வாங்கி முகவரி எழுதினாள், ஆட்கள் எத்தனை என்று எழுதினாள். பிறகு அந்தக் கட்டம் வந்தது. வீட்டு உரிமையாளர் பெயர்.

மஜீட் விரலை வைத்துக் காட்டினார். "புள்ள, இந்தப் பேர்லதான் வீடு போகும். உறுதியும் இந்தப் பேர்லதான் வரும். அம்மாட பேரைப் போடுங்களேன். அழிஞ்ச வீடு பொம்புளைட வீடுதானே?"

கண்ணகை சிரித்துவிட்டாள். "ஆம்புள ஒருத்தர் இரிக்கக்குள்ள என்ட பேர் எதுக்கு ஐயா? மருமகன்ட பேரைப் போடட்டும். ஆர்ர பேரை எழுதினா என்ன, வீடு பொட்டைப் புள்ளைக்குத்தானே." பாவம், அரிசிக் கூப்பன் மட்டையில் குடும்பத் தலைவர் என்று போடுகிறார்களே, அப்படி ஒன்று என்று நினைத்தாள். வீடு ஓர் ஆணுக்குப் போய்ச் சேரும் என்பது அவள் தலைக்குள் ஏறவே ஏறாத சங்கதி. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் தக்ஷாயினி பதினோராம் வகுப்பு. மஜீட் சொன்னது அவளுக்கு நன்றாக விளங்கியது. விளங்கித்தான் இருந்தது, அதைத்தான் சொல்கிறேன். பேனை ஒரு நிமிசம் நின்றது. பிரதீஸ் பக்கத்தில் நின்றான், சீமெந்து மணத்தோடு. நாளைக்கு அவர்தானே என்ட புருசன், அவர் பேர் என்ன என்ட பேர் என்ன என்று நினைத்தாள். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது. கொப்பியின் கடைசித் தாளில் களவாக எழுதி எழுதிக் கிழித்த பெயரை, பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க எழுதுகிற ஆசை. எழுதினாள். சாய்வெழுத்து, 'ஸ்'ஸின் வாலை நீட்டி.

"மறுகா மாத்துறது கரைச்சல்" என்றார் மஜீட்.

"மாத்தத் தேவையில்ல" என்றாள் அவள்.

பிரதீஸ் குனிந்து பார்த்தான். "எவ்வளவு வடிவா எழுதியிரிக்காய், சின்ன மச்சாள்" என்றான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருசம் சீவித்தாள்.

வீடு எழும்பியது. திட்டத்தில் பிரதீஸும் மேசனாக நின்றான். மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒன்றை இந்த வீட்டுக்குச் செய்தான். முன்னறை ஜன்னலுக்குக் கீழே, படிக்க ஏதுவாகச் சீமெந்தில் ஒரு தட்டு. "இது சின்ன மச்சாளுக்கு" என்றான். அவள் அந்தத் தட்டில் கொப்பியை விரித்துச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தாள், பாஸ்பண்ணினாள், உயர்தரமும் தொடங்கினாள். பின்னேரம் அவன் வேலையால் வரும் சைக்கிள் சத்தம் அந்த ஜன்னலுக்குத்தான் முதல் கேட்கும்.

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு ஷெல் விழத் தொடங்கியது. சனம் வாவியைக் கடந்து கடந்து வந்தது. பிரதீஸின் தாயும் தங்கை சுபோதினியும் இரண்டு பையோடு வந்து இறங்கினார்கள். பழுகாமத்து வீட்டுக்கு மேலே ஷெல் விழுந்து சுவர்தான் மிச்சம் என்றார்கள். கண்ணகை தன் அறையை ஒழித்துக் கொடுத்தாள். கொடுக்காமல்? அகதியாய் நின்ற ஆளுக்குத்தானே அகதியின் வருத்தம் தெரியும். கொஞ்ச நாளைக்குத்தானே என்றாள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருசமானது.

சுபோதினிக்கு இருபத்தைந்து தாண்டியது. பார்க்க வந்த இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டது. பொம்புளைக்கு வீடு எங்கே? தக்ஷாயினிக்குப் பதினெட்டு ஆனபோது வல்லிபுரம் மாமா வந்து நினைவூட்டினார். பிரதீஸ், "தங்கச்சிட கருமம் முடியட்டும், மாமா. அதுக்கு முதல் நான் கட்டினா ஊர் என்ன சொல்லும்?" என்றான். நியாயம்தானே. தக்ஷாயினிக்கு அவன்மேல் மரியாதை இன்னும் கூடியது. தங்கைக்காகப் பொறுக்கிற மனுசன், எனக்காக எவ்வளவு பொறுப்பார் என்று நினைத்தாள். என்னத்தைச் சொல்ல!

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. வடக்கே முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருக்கிற செய்தி வானொலியில் ஒரு விதமாகவும், வாய்வழியாக வேறு விதமாகவும் வந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில்தான் சுபோதினிக்கு ஓர் இடம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தாள். அறை அறையாய் நடந்து பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள். முன்னறைக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே இருந்த தட்டைத் தட்டிப் பார்த்து, "இதை உடைச்சிட்டா இதில அலுமாரி வைக்கலாம்" என்றாள்.

"அண்ணன்ட்டச் சொல்லி உடைப்பம், மாமி" என்றாள் சுபோதினி.

தக்ஷாயினி அந்தத் தட்டில்தான் படித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் என்ன கதைக்கிறார்கள், ஆள் மாறி வேறு வீட்டுக்கு வந்துவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் சுபோதினி சொன்ன 'உடைப்பம்' உறைத்தது. கொப்பியை மூடிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, பிரதீஸ் வேலை செய்கிற இடத்துக்கு வெயிலில் நடந்தாள். சண்டை முடிந்தது என்று அறிவித்த நாள் அது. சந்திகளில் பட்டாசு வெடித்தது. கொடி கட்டின வாகனங்கள் ஓடின. எங்கள் சனம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அவளுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

அவன் சாரத்தின்மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்த வீடு ஆர்ர?"

அவன் உடனே விளங்கிக்கொண்டான். கரண்டியைச் சாந்துக்குள் குத்திவிட்டு இறங்கினான். "சுபோதினிக்கு எழுதிக் குடுத்திட்டன். போன கிழமை உறுதி முடிஞ்சுது. அவளுக்கு வீடில்லாட்டி ஆர் கட்டுவான்? நான் அண்ணன். செய்யத்தானே வேணும்."

"அப்ப அம்மா?"

"மாமியை ஆரும் போகச் சொல்லல்ல. ஒரு மூலையில இரிக்கட்டும்."

"அப்ப நான்?"

அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "இஞ்ச பார், தங்கச்சி" என்று தொடங்கினான்.

எட்டு வருசத்தில் ஒரு நாளும் அவன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. பிறகு அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் தூரத்தில் இருந்து விழுந்தது. செங்கலடியில் அவனுக்கு ஒரு இடம் பேசியிருக்கிறார்களாம். பொம்புளை ரீச்சராம். சந்திக்குக் கிட்ட சொந்த வீடாம்.

"நான் ஒன்னைக் கட்டினா எங்க வந்து இரிக்கிறது? ஒனக்கு வீடில்லையே" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் அதை நக்கலுக்குச் சொல்லவில்லை. வீட்டைக் கொடுத்தவனே தான்தான் என்பதும் அவனுக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. ஊர் வழமையைச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அது அப்படிச் சுட்டது.

அவள் கேட்டாள்: "அண்டைக்கு நான் ஒங்கட பேரை எழுதக்குள்ள, இது இப்பிடி வரும் எண்டு தெரியுமா?"

"இது வரும் எண்டு தெரியாது. நீ என்ட பேரைத்தான் எழுதுவாய் எண்டு தெரியும்."

"எப்பிடி?"

அவன் கையில் காய்ந்த சாந்தைச் சுரண்டினான். பிறகு, எல்லாம்தான் முடிந்துபோயிற்றே என்கிற மாதிரிச் சொன்னான். "வதனி சொல்லியிரிக்காள். கொப்பியெல்லாம் பாத்திரிக்காள். நாங்க ரெண்டு பேரும் கதைச்சுச் சிரிப்பம். அண்டைக்குத் தோணியடியிலகூட என்ட காதுக்குள்ள, 'போயாவில என்ன ரியூசன், பைத்தியம், கூட்டிக்கிட்டுப் போங்க' எண்டு சொல்லிச் சிரிச்சவள். சின்ன வயசு, எல்லாருக்கும் வாறதுதானே. நீ இனி நல்லாப் படி, தங்கச்சி."

அவள் அவனைப் பார்த்தாள். உலகத்தில் யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தது, இரண்டு பேருக்குச் சிரிக்கிற கதையாக இருந்திருக்கிறது. அது போகட்டும். தெரிந்துகொண்டு, கையில் சீமெந்து என்று சொல்லிப் பேனையை அவளிடம் நீட்டச் சொன்னவன் இவன். இவ்வளவு காலமும் எதைப் பார்த்தேன் என்று யோசித்தாள். நூல் பிடித்துச் சுவர் பூசுகிற ஒரு மேசன், வயது முப்பது, லேசாக வயிறு வைத்திருக்கிறான். அவ்வளவுதான் நின்றான் அங்கே.

"வடிவா எழுதியிருந்தன், என்ன?" என்றாள்.

"ஓம்" என்றான் அவன், அதையும் உண்மையாகவே.

வீட்டுக்கு வந்து தாயிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். மஜீட் சொன்னது விளங்கியும் எழுதியதை, ஏன் எழுதினாள் என்பதை. அடிப்பாள் என்று நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். கண்ணகை அடிக்கவில்லை. "நான்தானே எழுதச் சொன்னன், புள்ள" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். இரவல் வீட்டு மூலையில் இருக்க அவளுக்கு ஒண்ணாது. மருமகன் கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துவிட்டு, சேலைகளை மூட்டை கட்டினாள். அடுத்த நாள் காலையில் தாயும் மகளும் சித்தாண்டி பஸ்ஸில் ஏறினார்கள். வல்லிபுரத்தாரின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளலாம். வீடில்லாத இரண்டு பெண்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கதையைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

பஸ்ஸில் அவள் மடியில் புத்தகப் பை. மனசு முழுக்கக் கோபம். ஆச்சரியம் என்னவென்றால், கோபம் அவன்மேல் அல்ல, செத்துப்போனவள்மேல். அக்கா என்று நினைத்தேனே, நீயும் சேர்ந்தா சிரித்தாய்? நான் உன்னை நினைத்து நினைத்து நாலரை வருசமாய்ச் செத்துக்கொண்டிருக்கிறேன், நீ தோணிக்கரையில் நின்று என்னைப் பைத்தியம் என்றா சிரித்தாய்?

செங்கலடிச் சந்திக்கு முந்தின சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிற்பாட்டினார்கள். சோதனைக்கல்ல. வெற்றிக் கொண்டாட்டமாம். ஓர் ஆமிக்காரப் பையன் பெரிய தட்டோடு ஏறி, ஒவ்வொருவர் கையிலும் லஞ்ச் சீற்றில் சுற்றின பாற்சோற்றை வைத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு? பஸ் முழுக்கச் சனம் அதைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தது. தக்ஷாயினியின் கையிலும் ஒன்று வந்து இருந்தது. சூடாக இருந்தது.

அவள் அந்தப் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் சந்தியைத் தாண்டியது. ரீச்சரின் வீடு எந்தப் பக்கம் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றாள். "ஒன்பது மணி ரியூசனுக்குப் போற புள்ளைக்கு ஆராவது மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடுப்பாங்களா?"

கண்ணகைக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"ரியூசன் இல்லையெண்டு அவளுக்குத் தெரியும். 'நாள் முழுக்க அந்தக் கல்லுக் குவியல்ல இரிக்கப்போறாள், பசியில வாடிருவாள்' எண்டு என்னட்டச் சொல்லித்தான் கட்டினவள். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாள். 'அவருக்கு மீன் போதும்' எண்டாள். அண்டைக்கு வீட்டில முட்டை ஒண்டுதான் கிடந்துது, புள்ள."

தக்ஷாயினி பாற்சோற்றுப் பார்சலை மடியில் வைத்துவிட்டு, முன்சீற்றுக் கம்பியில் தலையைச் சாய்த்து அக்காவுக்காக அழத் தொடங்கினாள். சனம் திரும்பிப் பார்த்தது. அந்தக் கிழமையில் பஸ்ஸில் ஒரு பிள்ளை அழுவதற்கு ஆயிரம் காரணம் இருந்ததால், யாரும் எதுவும் கேட்கவில்லை.